மஞ்சள் விளக்கு எரியும் பழைய கார்கள்

எங்கள் பகுதியில் பழைய கார் வாங்க நினைப்பவர்கள் இப்போது ஒரு புதிய கேள்வியைக் கேட்கிறார்கள். "ஏபிஎஸ் பிரேக் உள்ள கார் நல்லதா, இல்லாத கார் நல்லதா?" முன்னரெல்லாம் இயந்திரம் புகைக்கிறதா, அடித்தகடு துருப்பிடித்திருக்கிறதா, கார் எத்தனை கை மாறியது என்பவையே கேள்விகளாக இருந்தன. ஏபிஎஸ் உள்ள கார் பாதுகாப்பானது என்கிறார் ஒருவர். பழைய காரில் ஏபிஎஸ் இருந்தால் அது செலவு வைக்கும் தலைவலி என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எந்த இடத்தில் எவருடைய உண்மை செல்லும் என்பதை அறிய, கொஞ்சம் வரலாற்றையும் கொஞ்சம் எங்கள் வீதிகளையும் பார்க்க வேண்டும்.

நான் பொறியியல் படித்தவன் அல்லன். பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் படித்துவிட்டுப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன். ஆனால் மாவட்டச் செய்திகளோடு காலம் கழித்த எவருக்கும் வீதி விபத்து அன்றாடப் பாடமாகிவிடுகிறது. அந்தச் செய்திகளுக்கென்றே தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு வார்ப்பு வாக்கியம் உண்டு. "வேகக் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் வீதியை விட்டு விலகி மரத்துடன் மோதியது" என்பதே அது. பொலிஸார் சொல்வதும் அதுதான், அச்சில் வருவதும் அதுதான். ஆனால் அந்தக் கடைசி ஓரிரு வினாடிகளில் பல சாரதிகள் இழப்பது வேகத்தின் மீதான கட்டுப்பாட்டை மட்டுமன்று, திசையின் மீதான கட்டுப்பாட்டையும்தான். ஏபிஎஸ் என்ற கண்டுபிடிப்பின் முழு வரலாறும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

பூட்டிய சக்கரம்

பிரேக்கை முழுப் பலத்துடன் மிதித்தால் சக்கரம் சுழல்வதை நிறுத்திவிடும். கார் நின்றுவிடாது. நின்றுபோன சக்கரத்தின் மேல் வழுக்கிக்கொண்டு முன்னே போகும். இதைத்தான் சக்கரம் 'பூட்டிக்கொண்டது' என்கிறோம். முன்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் சுக்கானை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் கேட்காது, நேரே போகும். பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் காரின் வால் பக்கவாட்டில் எறியப்பட்டு, கார் தன்னைத்தானே சுற்றும். வழுக்கும் டயரைவிட, மெல்லச் சுழன்றுகொண்டே தடுக்கப்படும் டயருக்குத் தரையின் மீது பிடி அதிகம். ஆகவே, சக்கரம் பூட்டிக்கொள்ளும் விளிம்புவரை பிரேக்கை அழுத்தி, அந்த விளிம்பைத் தாண்டாமல் பிடித்துவைப்பவனே சிறந்த சாரதி.

இந்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாம் என்ற எண்ணம் முதலில் நடைமுறைக்கு வந்தது காருக்காக அன்று, விமானத்துக்காக. 1950களின் தொடக்கத்தில் டன்லொப் நிறுவனம் 'மாக்ஸறெட்' என்ற கருவியை விமானச் சக்கரங்களுக்குப் பொருத்தியது. ஈரமான ஓடுபாதையில் இறங்கும் விமானத்தின் டயர் பூட்டிக்கொண்டு வெடிப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம். அதே கருவியைப் பொருத்திக்கொண்டு 1966 இல் 'ஜென்சன் எஃப்எஃப்' என்ற பிரித்தானியக் கார் வெளிவந்தது. விலை உயர்ந்த அந்தக் கார் மொத்தம் 320 மட்டுமே தயாரிக்கப்பட்டது. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1971 ஆம் ஆண்டின் இம்பீரியல் காரில் நான்கு சக்கரங்களுக்கும் இத்தகைய அமைப்பைக் கொடுத்தது. எனினும், மின்னணுவியல் போதிய அளவு வளராத காலத்தில் இவை பரவவில்லை.

இன்று நாம் அறியும் ஏபிஎஸ், ஜெர்மனியின் பொஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் சேர்ந்து 1978 இல் அறிமுகப்படுத்தியது. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஓர் உணரி அளக்கிறது. ஏதாவதொரு சக்கரம் திடீரென மெதுவாகிப் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தவுடன், ஒரு சிறு கணினி அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை வால்வுகளால் தளர்த்துகிறது, மீண்டும் இறுக்குகிறது. ஒரு வினாடிக்குள் பலமுறை இது நடக்கும். மனிதக் காலால் இயலாத வேகம் அது.

இங்கே ஒன்றை மனதில் இருத்த வேண்டும். ஏபிஎஸ் என்பது தனியான பிரேக் அன்று. பிரேக்கின் பலத்தை அது கூட்டுவதும் இல்லை. முழுப் பிரேக்கிலும் சுக்கான் நம் சொல்லைக் கேட்கும்படி செய்வதே அதன் முதற்பணி. தேய்ந்த டயரையோ, எண்ணெய் கசியும் சிலிண்டரையோ அதனால் குணப்படுத்த முடியாது. மகியங்கனையை நோக்கிப் பதினெட்டு வளைவு வீதியில் இறங்கி வரும்போது பிரேக் சூடேறி வலுவிழந்தால் அதற்கும் அது மருந்தாகாது.

பாதையில் வந்த கார்கள்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலை ஒட்டிக் கிடக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, அது படும் பக்கம் படுவான்கரை. வெளியூர் வாசகர்களுக்காக ஒரு குறிப்பு. எங்கள் ஊரில் 'பாதை' என்றால் வீதி மட்டுமன்று. வாவியைக் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். மண்முனைத் துறையிலும் அம்பிளாந்துறையிலும் குருமண்வெளியிலும் பல தலைமுறைகள் பாதையை நம்பியே வாழ்ந்தன.

1924 இல் கல்லடியில் இரும்புப் பாலம் திறக்கப்பட்டது. அப்போதைய ஆளுநர் மனிங்கின் மனைவியின் பெயரால் அதற்கு 'லேடி மனிங் பாலம்' என்று பெயரிட்டனர். ஒரு வாகனம் மட்டுமே போகக்கூடிய அகலம். எதிர்ப்பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை காத்துக்கிடக்க வேண்டும். நகரத்துக்கும் காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை ஆகிய தென்பகுதி ஊர்களுக்கும் இடையிலான போக்குவரத்தைப் பல தசாப்தங்கள் தன் முதுகில் சுமந்தது அந்த ஒற்றைப் பாலம். அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது 2013 இல்தான். மண்முனைத் துறைக்குப் பாலம் கிடைத்தது 2014 இல்.

இவற்றை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் பகுதியின் பழைய கார்கள் வேகத்துக்காக வாழ்ந்தவை அல்ல. பாலத்தில் காத்திருந்து, பாதையில் ஏறி, சக்கரத்துக்குக் கல் வைத்து நின்று, மணல் ஒழுங்கைகளில் ஊர்ந்து சென்றவை. மொரிஸ் மைனர், ஒஸ்டின் ஏ40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், ஹில்மன், பேஜோ 203 என்று இலங்கையெங்கும் ஓடிய அந்த வாகனங்களின் பிரேக்கைப் பற்றி இன்றைய தலைமுறைக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். 1948 முதல் 1971 வரை தயாரிக்கப்பட்ட மொரிஸ் மைனருக்கு நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். ஒஸ்டின் ஏ40 டெவனில் முன்சக்கரங்களுக்கு எண்ணெய் அழுத்தம், பின்சக்கரங்களுக்கு இரும்புக் கம்பி. மைனரின் பிரதான பிரேக் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே இருந்தது. எண்ணெய் ஊற்றுவதற்கு விரிப்பைத் தூக்க வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்வழி. எங்கோ ஓரிடத்தில் குழாய் வெடித்தால் பிரேக் மொத்தமும் போய்விடும்.

மாரி காலத்தில் வெள்ளத்தைக் கடந்துவந்த டிரம்முக்குள் நீர் புகுந்தால் பிரேக் பிடிக்காது. அனுபவமுள்ள சாரதி வெள்ளத்தைக் கடந்தவுடன் காரை மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை இலேசாக மிதித்து, அந்தச் சூட்டில் டிரம்மை உலர்த்திக்கொள்வார். வழுக்கும் இடத்தில் பிரேக்கை ஒரேயடியாக அழுத்தாமல் விட்டுவிட்டு மிதிப்பார். இதைத்தான் 'பம்ப் பண்ணுவது' என்று சாரதிகள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஏபிஎஸ் காரில் இருக்கவில்லை, சாரதியின் வலது காலில் இருந்தது.

முதல் கதவடைப்பு

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை அரசு கார் இறக்குமதியை இறுக்கியது. 1977 வரை அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே கிடந்தது. விளைவு, பிரித்தானியர் பத்து வருடம் ஓடுவதற்காகச் செய்த கார்கள் எங்கள் நாட்டில் முப்பது நாற்பது வருடங்கள் ஓடின. டிரம்மைக் கடைந்தார்கள், பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டினார்கள், கிடைக்காத பாகத்தை வேறொரு வாகனத்தின் பாகத்தைக் கொண்டு சரிக்கட்டினார்கள். பிற்காலத்தில், 1990களின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் இதே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை நாடே அறியும்.

இதில் ஒரு முக்கியமான பாடம் உண்டு. அந்தக் கார்களைக் கராஜ் பாஸ் ஒருவர் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள முடிந்தது. பழுது தெரிந்தது, கையால் தொட முடிந்தது. பிரேக் மோசமென்றால் சாரதிக்கே தெரியும். தெரிந்ததால் மெதுவாக ஓட்டினார். அந்தக் கார்களின் பாதுகாப்பு குறைவுதான். ஆனால் அவை சாரதியிடம் பொய் சொல்லவில்லை.

1978

மெர்சிடிஸ் காரில் ஏபிஎஸ் வந்த அதே 1978 ஆம் ஆண்டு மட்டக்களப்பாருக்கு வேறொன்றுக்காக நினைவிருக்கிறது. அவ்வாண்டு நவம்பர் 23 ஆம் திகதி வீசிய சூறாவளி எங்கள் மாவட்டத்தையே சாய்த்துப் போட்டது. தென்னைகள் விழுந்தன, கூரைகள் பறந்தன, வீதிகள் மரங்களுக்கடியில் புதைந்தன. உலகின் ஒரு மூலையில் சக்கரத்தின் வேகத்தைக் கணினி அளக்கத் தொடங்கியபோது, இங்கே வீதி எது, வளவு எது என்று மக்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டே பொருளாதாரக் கதவு திறந்துவிட்டது. ஜப்பானிலிருந்து 'ரீகண்டிஷன்' வாகனங்கள் கப்பல் கப்பலாக வரத்தொடங்கின. ஜப்பானிலும் இலங்கையிலும் வாகனங்கள் வீதியின் இடப்பக்கத்தில் ஓடுவதால் சுக்கானை மாற்ற வேண்டியதில்லை. அங்கே கட்டாயப் பரிசோதனைச் செலவுகளுக்கு அஞ்சி மக்கள் சில வருடங்களில் காரை விற்றுவிடுவதும் எங்களுக்கு வசதியாயிற்று. ஜப்பானில் ஹொண்டா நிறுவனம் 1982 இல் பிரெலூட் காரில் நான்கு சக்கர ஏபிஎஸ்ஸைக் கொண்டுவந்தது. 1990களின் நடுப்பகுதிக்குப் பின் சாதாரணக் குடும்பக் கார்களிலும் அது பரவியது. இப்படித்தான், நாம் கேட்காமலே, ரீகண்டிஷன் கொரொல்லாவுக்குள்ளும் சன்னிக்குள்ளும் ஏபிஎஸ் ஒளிந்துகொண்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தது. அதே காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த மாருதி 800 இல் அது இருக்கவில்லை. இன்று எங்கள் வீதிகளில் ஓடும் பழைய கார்கள் இந்த இரண்டு வகைக்குள்ளும் அடங்கும்.

கிறவலும் காபெட்டும்

ஏபிஎஸ் நல்லதா என்ற கேள்விக்கு விடை, வீதியைப் பொறுத்தது. அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 1999 இல் வெளியிட்ட சோதனை முடிவுகளில் ஒரு செய்தி எங்களுக்காகவே எழுதப்பட்டது போலிருக்கிறது. பெரும்பாலான வீதிப் பரப்புகளில் ஏபிஎஸ் உள்ள வாகனம் குறைந்த தூரத்தில் நின்றது. ஆனால் இளகிய கிறவலில் மட்டும், ஏபிஎஸ் வேலை செய்தபோது நிற்கும் தூரம் சராசரியாக 27.2 சதவீதம் கூடியது. காரணம் எளிது. கிறவலிலும் மணலிலும் பூட்டிக்கொண்ட சக்கரம் தரையைக் கிண்டித் தன் முன்னே ஒரு சிறு மேட்டைக் குவிக்கும். அந்த மேடே காரைத் தடுக்கும். சக்கரத்தைச் சுழலவிடும் ஏபிஎஸ், அந்த மேடு உருவாக இடம் கொடாது.

போர்க்காலத்தில் படுவான்கரையின் வீதிகள் பெரும்பாலும் கிறவலும் குழியுமாகக் கிடந்தன. வவுணதீவைக் கடந்து உள்ளே போனால் மணிக்கு 30 கிலோமீற்றரே பெரிய வேகம். அந்த நாட்களில் ஒரு சாரதி "ஏபிஎஸ் எதற்கு?" என்று கேட்டிருந்தால் அதில் நியாயம் இருந்தது. நகரத்தில் சோதனைச் சாவடிகள் வேகத்தைக் கட்டிப்போட்டிருந்தன. தடைக் கம்பத்தைக் கண்டதும் முப்பது யார் முன்னரே எல்லாரும் ஊர்ந்தார்கள்.

2007 இல் கிழக்கில் போர் ஓய்ந்த பின் நிலைமை தலைகீழாயிற்று. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பொத்துவில் வழியாக வரும் ஏ4, பேராதனையிலிருந்து செங்கலடிக்கு வரும் ஏ5, திருகோணமலைக்குச் செல்லும் ஏ15 ஆகிய வீதிகள் காபெட் வீதிகளாயின. பாலங்கள் வந்தன, சாவடிகள் போயின. பாதைக்குக் காத்திருந்த கார் இப்போது மண்முனைப் பாலத்தின் மேல் பறக்கிறது. வீதி மாறிய வேகத்துக்கு மாடுகள் மாறவில்லை. கட்டாக்காலி மாடுகள் இரவில் சூடான காபெட்டின் மேல் படுத்திருக்கின்றன. அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் நெல் காய்கிறது. மாரியின் முதல் மழை எண்ணெயையும் தூசியையும் கலந்து வீதியைச் சவர்க்காரமாக்குகிறது.

இங்கேதான் ஏபிஎஸ்ஸின் பெறுமதி இருக்கிறது. நனைந்த காபெட் வீதியில் 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும்போது இருட்டில் ஒரு மாடு தென்பட்டால், பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டே சுக்கானைத் திருப்பி விலகிச் செல்ல முடியுமா என்பதே உயிர்க் கேள்வி. ஏபிஎஸ் ஒழுங்காக வேலை செய்யும் காரில் முடியும். அது இல்லாத காரில், விட்டுவிட்டு மிதிக்கத் தெரிந்த கால் இருந்தால் ஓரளவு முடியும். அந்தப் பதற்றத்தில் எத்தனை பேருக்கு அந்தக் கால் வாய்க்கும்?

ஆய்வுகள் சொன்ன கசப்பான உண்மை

ஏபிஎஸ் வந்தவுடன் வீதி மரணங்கள் குறையும் என்று மேல்நாடுகளில் பெரிதும் எதிர்பார்த்தார்கள். அந்த எதிர்பார்ப்பு அப்படியே பலிக்கவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1980களில் வாடகைக் கார்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரே நிறுவனத்தின் கார்களில் சிலவற்றுக்கு ஏபிஎஸ் இருந்தது, மற்றவற்றுக்கு இல்லை. விபத்து எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஏபிஎஸ் உள்ள காரின் சாரதிகள், தமக்குக் கிடைத்த பாதுகாப்பை அதிக வேகமாகவும் கூர்மையான திருப்பமாகவும் செலவழித்துவிட்டனர்.

2009 இல் வெளியான அமெரிக்க அரசின் நீண்டகால மதிப்பீடும் சிந்திக்க வைப்பது. உயிரிழப்பு ஏற்படாத விபத்துகளை ஏபிஎஸ் கார்களில் 6 சதவீதமும், வான், ஜீப் போன்ற இலகு வாகனங்களில் 8 சதவீதமும் குறைத்தது. ஆனால் உயிர்பறிக்கும் விபத்துகளின் மொத்தத்தில் அதன் நிகர விளைவு ஏறக்குறைய பூச்சியம். பாதசாரிகள் மீதும், நனைந்த வீதியில் பிற வாகனங்கள் மீதும் மோதுவது குறைந்தது. வீதியை விட்டு விலகிச் செல்லும் விபத்துகளோ கூடின. சுக்கான் கேட்கும் காரில், பதறிய சாரதி அதைத் தேவைக்கு மேல் திருப்பிவிடுவது இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. எங்கள் வார்ப்பு வாக்கியத்தில் வரும் "வீதியை விட்டு விலகி" என்ற சொற்களை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல் பழக்கம் சார்ந்தது. மொரிஸ் மைனரிலும் டொல்பின் வானிலும் பழகிய கால், ஏபிஎஸ் காரிலும் பிரேக்கைப் பம்ப் பண்ணும். ஏபிஎஸ்ஸுக்குத் தேவை அதற்கு நேர்மாறானது. ஒரே அழுத்தாக அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டு, சுக்கானைப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ் இயங்கும்போது மிதிப்பான் காலுக்கடியில் அதிரும், கரகரவென்று சத்தம் வரும். ஏதோ உடைந்துவிட்டதென்று பயந்து காலை எடுத்துவிடுபவர்கள் உண்டு. இயந்திரம் தன் கடமையைச் செய்யும் அந்த ஒரு கணத்தில் அதைக் கைவிடுவது போன்றது இது.

இரண்டாவது கதவடைப்பும் மஞ்சள் விளக்கும்

2018 ஆம் ஆண்டுக்கான வரவு-செலவுத் திட்டம், ஏபிஎஸ்ஸும் காற்றுப் பைகளும் இல்லாத வாகனங்களை இறக்குமதி செய்வதைத் தடுக்க முன்மொழிந்தது. நல்ல முடிவு. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 2020 மார்ச்சில், வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இந்த ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை கடுமையாக ஏறியது. வாங்கிய விலைக்கு மேலாகவே விற்றவர்கள் உண்டு. கதவு திறந்த பிறகும் வரியோடு சேர்ந்த புதிய விலை சாதாரண உத்தியோகத்தரின் கைக்கு எட்டாததாகவே இருக்கிறது. ஆகவே 1960களில் நடந்ததே மீண்டும் நடக்கிறது. ஓய்வுபெற்றிருக்க வேண்டிய கார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முதல் தலைமுறைப் பழைய காரின் நோயைக் கராஜ் பாஸ் கையால் தொட்டார். இரண்டாம் தலைமுறைப் பழைய காரின் நோய் கணினிக்குள்ளும் வயருக்குள்ளும் இருக்கிறது. எங்கள் காற்று உப்புக் காற்று. சக்கரத்தின் அருகே இருக்கும் உணரியும் அதன் பல்வளையமும் துருவுக்கும் சேற்றுக்கும் முதற்பலி. 2004 சுனாமியிலும், 2011 ஜனவரி வெள்ளத்திலும், 2024 நவம்பர் வெள்ளத்திலும் நீருக்குள் நின்ற வாகனங்கள் பின்னர் கைமாறியிருக்கலாம். நீர் புகுந்த மின்னிணைப்பு உடனே சாவதில்லை, மாதங்கள் கழித்தே சாகும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வாவிக் கரையின் ஈரக் காற்றில் அதைப் பல வருடங்கள் மாற்றாமல் விட்டால், ஏபிஎஸ் அலகின் நுண்ணிய வால்வுகள் உள்ளேயே அரிக்கப்படும். அந்த அலகு புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. கழற்றிய பாகங்கள் விற்கும் கடைகளில் கிடைப்பதோ இன்னொரு பழைய காரின் அலகு.

அமைப்பில் குறை கண்டவுடன் ஏபிஎஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கை எரியவிடும். சாதாரண பிரேக் தொடர்ந்து வேலை செய்யும். கார் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, பிறகென்ன என்று பலர் வருடக்கணக்கில் அந்த விளக்கோடு வாழ்கிறார்கள். அதைவிட மோசம், விற்பதற்கு முன் அந்த விளக்கைக் கழற்றிவிடுவது, அல்லது எண்ணெய் விளக்கின் வயரோடு இணைத்து இரண்டும் சேர்ந்து அணையும்படி செய்வது. வாங்குபவர் ஏபிஎஸ் உள்ள கார் என்று நம்பி, அந்த நம்பிக்கையின் வேகத்தில் ஓட்டுவார். மாடு குறுக்கே வரும் அன்றுதான் உண்மை தெரியும்.

இதுதான் என் முடிவின் சாரம். பழைய காரில் வேலை செய்யும் ஏபிஎஸ் ஒரு வரம். ஏபிஎஸ் இல்லாமலே பிறந்த பழைய கார், பிரேக்கும் டயரும் ஒழுங்காக இருந்தால், தன் எல்லையை அறிந்த சாரதிக்குப் போதுமானது. செத்துப்போன ஏபிஎஸ்ஸைச் சுமந்து செல்லும் பழைய கார் இந்த மூன்றிலும் ஆபத்தானது. பல கார்களில் பின்சக்கரங்களுக்குப் போகும் அழுத்தத்தை அளந்து கொடுப்பதும் அதே அலகின் வேலை. மஞ்சள் விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அந்த வேலையும் நின்றிருக்கக்கூடும். அப்படிப்பட்ட காரைத் திருத்தாமல் வீதிக்கு எடுப்பது கூடாது.

வாங்குபவர் பார்க்க வேண்டியவை

சாவியைத் திருப்பியவுடன் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும், சில வினாடிகளில் தானாக அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். இயந்திரத்தை இயக்கும் அதே கணத்தில் எண்ணெய் விளக்கோடு சேர்ந்து அணைந்தாலும் சந்தேகப்படுங்கள். கணினிக் கருவியால் பரிசோதிக்கும் ஒருவரிடம் காட்டிய பின்னரே முற்பணம் கொடுங்கள். ஆளரவமற்ற நேரான வீதியில், பின்னால் எதுவும் வராதபோது, மெதுவான வேகத்தில் ஒருமுறை முழுப் பிரேக் பிடித்துப் பார்த்தால் மிதிப்பானின் அதிர்வைக் காலால் அறியலாம். பிரேக் எண்ணெயை இரண்டு வருடங்களுக்கொருமுறை மாற்றுவது கூடுதல் செலவன்று.

மொரிஸ் மைனர் போன்ற முதுபெரும் கார்களை அன்போடு வைத்திருப்பவர்கள் அதற்கு ஏபிஎஸ் பொருத்தலாமா என்று கேட்பதுண்டு. அது நடைமுறைக்கு ஒவ்வாதது. ஒவ்வொரு காரின் எடைக்கும் சக்கரத்துக்கும் ஏற்பக் கணிக்கப்பட்ட அமைப்பு அது. ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் ஒட்ட முடியாது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும், இரண்டு தனித்தனி எண்ணெய்வழி கொண்ட பிரதான சிலிண்டரும் பொருத்துவது அதைவிடப் பயனுள்ளது. நல்ல டயர் எல்லாவற்றிலும் முதலாவது.

கடைசியாக அரசுக்கும் ஒரு சொல். தனியார் கார் ஒன்று ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைப் பரிசோதனைக்குச் சென்றே ஆக வேண்டும். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஆனால் இருபத்தைந்து வயதான தனியார் காரின் பிரேக்கை அதே நாளில் யாரும் பார்ப்பதில்லை. குழாயிலிருந்து வெளியேறும் புகையை அளக்கிறோம், காரை நிறுத்தும் கருவியை அளப்பதில்லை. புகைப் பரிசோதனைக்குக் கார் வந்து நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில், டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்ப்பதற்கு அந்நியச் செலாவணி தேவையில்லை.